முளைக்காத நேர்த்தித் தாடி

தாடிக்கு நேர்த்தி வைச்சது என்ரை மனுசி. எனக்குத் தெரியாமல்தான் வைச்சவ. கப்பல் வேலையாலை வந்து ஒரு வரிசமாகியும் நான் மெலிஞ்சுகொண்டே போறதைப் பாத்துப் பயந்து, "இவர் தேறவேணும், தேர்த் திருவிழாவுக்குத் தாடி வளத்துக்கொண்டு வந்து முடி இறக்குவார்" எண்டு எங்கடை ஊர் முருகனிட்டைச் சொல்லிப்போட்டா. சொன்னவவுக்கென்ன, வளக்கவேண்டியவன் நானெல்லே!

மூண்டு மாதம் வளத்தன். நாடியிலை நாலு மயிர் வந்தது, ஆட்டுக்குட்டிக்கு வாறமாதிரி. மனுசி முதலிலை பொறுத்துப் பாத்தா. பிறகு சந்தேகம் பிடிச்சிட்டுது.

"ஆருக்கு வடிவு காட்ட வழிக்கிறியள்? சாமியையும் ஏமாத்திறியளோ?"

சண்டையாலை சாமான் வராமல் குளிக்கச் சவர்க்காரமே கிடைக்காத தொண்ணூறுகளின்ரை தொடக்கம். வழிக்கிற பிளேட்டுக்கு நான் எங்கை போக? சொல்லிப் பாத்தன், அவ கேக்கேல்லை. என்ரை கப்பல் பெட்டியைக் கவிட்டுக் கொட்டித் தேடினா. சண்டிலிப்பாயிலை இருந்த சலூனுக்கே போய் விசாரிச்சா. "அந்த முகத்திலை எனக்கென்னக்கா வேலை?" எண்டு சலூன்காரன் எல்லாருக்கும் கேக்கச் சொல்ல, என்ரை மானம் கப்பலேறிச்சுது.

அவ சந்தேகப்பட்டதிலை பிழையுமில்லை. கலியாணம் முடிச்சு ஆறு மாதத்திலை கப்பலுக்குப் போய், நாலு வரிசம் கழிச்சு வந்தவன் நான். வந்த நாள் தொட்டு வேறை பாய், வேறை கோப்பை. அவவின்ரை விரல் பட்டாலே விலகுவன். ஊருக்கு வாற வழியிலை கொழும்பிலை இரத்தம் பாத்த டொக்டர் எனக்கு எச்.ஐ.வி. எண்டு சொன்னதை நான் அவவுக்குச் சொல்லேல்லை. சொன்னால் விட்டிட்டுப் போயிடுவா எண்ட பயம். வெக்கக்கேடுதான், ஆனா அதுதான் உண்மை.

தாடி விசயத்தை யாழ்ப்பாணத்திலை ஒரு டொக்டரிட்டைக் கொண்டுபோனன். ஊரிலை என்ரை எச்.ஐ.வி. வருத்தம் தெரிஞ்ச ஒரே ஆள் அவர்தான்.

"இந்த வருத்தம் உள்ள ஆம்பிளையள் சிலருக்கு தாடி வளக்கிற ஓமோன் குறையும் ஐசே. தாடி குறையும், களைக்கும், மெலியும், கட்டில் ஆசையும் போயிடும்" எண்டார்.

எனக்குப் பத்திக்கொண்டு வந்தது. மனுசியைக் காப்பாத்த ஆசையை அடக்கி வைச்சிருக்கிற பெரிய தவசி எண்டெல்லோ என்னை நினைச்சுக்கொண்டிருந்தனான்!

"அதுக்கு ஊசி இல்லையோ?"

"தலையிடிக்கே குளிசை இல்லை, உமக்குத் தாடிக்கு ஊசியோ? முதலிலை வீட்டை போய் மனுசிக்குச் சொல்லும்."

சைக்கிளை மிதிச்சு வீட்டை வந்தன். அவ குசினியிலை புட்டுக்கு மா குழைச்சுக்கொண்டிருந்தா. களை ஆறமுந்தி எல்லாத்தையும் சொல்லிப்போட்டன், ஒரு துறைமுகத்திலை சந்திச்ச பொம்பிளையையும் சேத்து. அகப்பை பறந்து வந்து நெஞ்சிலை பட்டுது. பிறகு அப்பிடியே குந்தியிருந்து அழுதா. நானும் அழுதன்.

கனநேரம் கழிச்சு மூக்கைத் துடைச்சுக்கொண்டு நிமிந்தா.

"அந்தப் பொம்பிளையின்ரை கதை பிறகு இருக்கு, விடமாட்டன். முதல் இதைச் சொல்லுங்கோ. தொட்டால் உது தொத்துமோ?"

"இல்லை."

"அது உங்களுக்கு எப்ப தெரியும்?"

"கொழும்பு டொக்டர் அண்டைக்கே சொன்னவர்."

"அப்ப ஒரு வரிசமா ஏன் என்ரை கையைப் பிடிக்கேல்லை?"

நான் விழுந்து கிடந்த அகப்பையை எடுத்து வைச்சன். அவ மா அப்பின கையை நீட்டி, "பிடியுங்கோ" எண்டா. பிடிச்சன். அண்டைக்கு எங்கடை வீட்டிலை புட்டு அவியேல்லை.