வயர் தூக்கும் தடி

"மாதாவை நீ காவிறியோ, மாதா உன்னைக் காவிறாவோ?"

என் மனைவியின் தமையன் உவர்மலை ஏற்றத்தில் வைத்து, பங்குச் சனம் முழுவதும் கேட்கும்படி என்னைக் கேட்ட கேள்வி இது. திருநாள் மாலை அன்று. மாதாவின் சொரூபம் வைத்த கூட்டைத் தோளில் காவிச் சுமந்து வந்துகொண்டிருந்தோம். முன்வரிசையில் ஒரு பக்கம் மச்சான், மறுபக்கம் நான். பாதி ஏற்றத்தில் எனக்கு மூச்சு முட்டியது, முழங்கால் மடிந்தது, கூடு என் பக்கம் சாய்ந்தது. மாதாவின் கழுத்திலிருந்த மாலை கழன்று தார் வீதியில் விழுந்தது. பெண்கள் "இயேசுவே!" என்று அலறினார்கள். கச்சேரிக் கதிரையில் கோப்புகளுக்கு முன்னால் குந்தியிருந்தே நான் வளர்த்த வண்டி வயிற்றை அன்று எல்லோரும் நன்றாகப் பார்த்துக்கொண்டார்கள்.

அடுத்த திருநாளுக்கு மச்சான் என் கையில் ஒரு கவைத்தடியைக் கொடுத்தார். எங்கள் ஒழுங்கைகளில் வயர்கள் தாழத் தொங்கும். கூட்டின் உச்சி அவற்றில் தட்டாதபடி ஒருவர் தடியால் தூக்கிப் பிடித்துக்கொண்டு முன்னால் நடக்க வேண்டும். தோள் விட்டுப்போன கிழவர்களின் வேலை அது.

"இந்தா, இது பாரமில்லை" என்றார்.

நான் சிரித்துக்கொண்டே வாங்கினேன். உள்ளுக்குள் எரிந்தது. கூட்டின் அடியில் என் இடத்தை எடுப்பேன், அதே ஏற்றத்தில் இந்த மனிசனை நாக்குத் தள்ள வைப்பேன் என்று மாதாவின் முகத்தைப் பார்த்தே நேர்ந்துகொண்டேன். அப்படியொரு நேர்த்தியை அவ கேட்டிருக்கவே மாட்டா.

மறுநாள் விடியலில் தொடங்கினேன். அரிசிச் சாக்கில் கடல்மண்ணை நிரப்பித் தோளில் போட்டுக்கொண்டு உட்துறைமுக வீதிவரை இறங்குவது, திரும்ப ஏறுவது. மூதூர்ப் படகுக்கு நின்றவர்கள் சிரித்தார்கள். "ஐயா, எங்கை கடை போடப் போறியள்?" என்று ஒருவர் கேட்டார். மனைவி வாசலில் நின்று, "உங்களுக்கென்ன விசரே?" என்றாள். ஓம், விசர்தான்.

விடாமல் உடற்பயிற்சி செய்வது எப்படி என்று போனில் ஆயிரம் பேர் வகுப்பெடுக்கிறார்கள். உங்களை நீங்களே நேசியுங்கள் என்கிறார்கள். என்னை நான் நேசித்திருந்தால் படுக்கையை விட்டே எழும்பியிருக்க மாட்டேன். மழைக் காலத்தில், வாடைக்காற்று துறைமுகத்தைப் புரட்டிப்போடும் விடியல்களில், போர்வைக்குள் கிடந்தபடி அந்தக் கேள்வியை ஒருமுறை நினைப்பேன். கால் தானாகச் சப்பாத்தைத் தேடும். ஏற்றத்தின் நடுவில் மச்சானுடைய வீடு. அவர் விறாந்தையில் சாரத்தோடு இருந்து பிளேன்ரீ குடித்துக்கொண்டிருப்பார். அந்த இடத்தில் மட்டும் மூச்சை அடக்கி, பூங்கொத்தைச் சுமப்பவன்போல நடப்பேன். வளைவு தாண்டியதும் மதிலில் சாய்ந்து நாய்போல இளைப்பேன். அவரோ பிளேன்ரீயோடு பணிசும் சேர்த்துக்கொண்டிருந்தார். அவருடைய வண்டி வளர்வதைப் பார்க்கப் பார்க்க எனக்குத் தெம்பு வந்தது.

கொடியேற்றம் முடிந்த பிறகு, வெறுங்கூட்டின் கீழ் ஆட்களை நிறுத்தித் தோள் உயரம் பார்ப்பது எங்கள் வழக்கம். சோடி பொருந்தாவிட்டால் பாரமெல்லாம் குள்ளன் தலையில்தான். போன திருநாளில் மச்சானுக்குச் சோடியாக நின்றவர் டோகாவுக்கு வேலைக்குப் போய்விட்டார். மச்சானின் உயரத்துக்கு மிஞ்சியிருந்தவன் நான் ஒருவன்தான். வேண்டா வெறுப்பாக என்னைப் பார்த்தார்.

"வா. இந்த முறையும் விழுத்திப்போடாதை."

"சரி மச்சான்" என்றேன். அன்றிரவு நல்ல நித்திரை.

திருநாள் வந்தது. முன்சோடிதான் நடையின் வேகத்தை வைக்கும். ஏற்றம் தொடங்கியதும் நான் காலை எட்டி வைத்தேன். பின்னால் வந்தவர்கள் இழுபட்டார்கள். கொஞ்சத் தூரத்தில் பக்கத்திலிருந்து ஒரு சத்தம். பழைய சைக்கிள் பம்பால் காற்றடிப்பதுபோல மச்சானின் மூச்சு. இந்த உலகத்தில் அதைவிட இனிமையான கீதத்தை நான் கேட்டதில்லை.

"கொஞ்சம் மெல்லப் போவமே" என்றார்.

"ஏலாதெண்டால் சொல்லுங்கோ மச்சான்."

சொல்லமாட்டார் என்று எனக்குத் தெரியும். நடுவழியில் தோளை எடுப்பது அத்தனை வெட்கம். வீம்பில் இன்னும் கொஞ்சம் ஏறினார். பிறகு அவர் முழங்கால் மடிந்தது. கூடு அவர் பக்கம் சாய்ந்தது. விழட்டும் என்று ஒரு கணம் நினைத்தேன், பொய் சொல்லவில்லை. ஆனால் மாலை அசைந்ததைக் கண்டதும் குனிந்து, காவுமரத்தை என் பக்கம் இழுத்து, பாரத்தை ஏந்திக்கொண்டேன். சாக்குச் சுமந்த தோள் அசையவில்லை. என்னால் முடிந்த அளவு உரத்துக் கத்தினேன்.

"மச்சானுக்கு ஏலாது! ஆள் மாத்துங்கோ!"

வயர்த்தடியோடு முன்னால் போன கிழவரே ஓடிவந்து தோள் கொடுத்தார். தடியை மச்சான் வாங்க வேண்டியதாயிற்று.

"பிடியுங்கோ. அது பாரமில்லை" என்றேன்.

அவர் நிமிர்ந்து பார்க்கவில்லை. கோயில்வரை தடியைத் தூக்கிப் பிடித்தபடி எனக்கு முன்னால் நடந்தார். அவருடைய வியர்த்த முதுகைப் பார்த்துக்கொண்டே நடந்தேன். வயிறு குளிர்ந்தது.

மறுநாள் விடிய அலாரம் அடித்தது. அந்தக் கேள்வியை நினைத்துப் பார்த்தேன். கால் அசையவில்லை. பழி தீர்ந்துவிட்டது, இனி எதற்காக எழும்புவது? நன்றாகப் போர்த்துக்கொண்டேன். இத்தனை பாடுபட்டுக் கரைத்த வண்டி திரும்பி வரப்போகிறது என்று தெரிந்தும் எழும்ப மனமில்லை.

மனைவி வந்து யன்னலைத் திறந்தாள்.

"அண்ணை இருட்டோடை வந்தவர். உங்கட மண்சாக்கைத் தோளிலை போட்டுக்கொண்டு கீழை இறங்கிட்டார். உங்களுக்குச் சொல்ல வேண்டாமெண்டவர்."

"என்ர சாக்கையோ?"

போர்வையை உதறி எழும்பினேன். கயிறு கட்டாத சப்பாத்தோடு, என் எதிரியைத் திருப்பித் தந்த மாதாவைக் கும்பிட்டபடி, ஏற்றத்தில் இறங்கி ஓடினேன்.