தலைவர் கையெழுத்திட்ட இரங்கல்

பாடைக்குத் தோள் கொடுப்பதற்கு முன் தலைவர் தம் துண்டை உருவி இடுப்பில் இறுக்கிக் கட்டிக்கொள்வார். எழுபதுகளில் திருவண்ணாமலையில் அதைப் பார்க்காதவர்கள் குறைவு. அப்போது அவர் நகராட்சி உறுப்பினர். வார்டில் எங்கே சாவு விழுந்தாலும், எந்தத் தெரு, என்ன சாதி என்று கேட்காமல், சொந்தக்காரர்களுக்கு முன்னால் வந்து நிற்பார். ஈசானிய மயானம் வரை தோள் மாற்றமாட்டார். "நல்லதுக்குக் கூப்ட்டா போவணும், கெட்டதுக்குக் கேள்விப்பட்டாலே போவணும்" என்பார். எல்லாம் ஓட்டுக்காக என்று முணுமுணுத்தவர்களும் உண்டு. "ஓட்டுக்காவே இருக்கட்டுமே, சுமக்கறது அவன்தானே!" என்று என் அப்பா அவர்கள் வாயை அடைப்பார்.

அப்பா அரிசி ஆலையில் மூட்டை தூக்கியவர். தலைவருடைய முதல் தேர்தலில் பசை வாளியோடு தேரடி வீதி முழுக்கச் சுவரொட்டி ஒட்டியவர். அந்த உரிமையில் கடைசிவரை அவரை 'அவன், இவன்' என்றுதான் பேசினார்.

எண்பதுகளில் தலைவர் நாடாளுமன்ற உறுப்பினரானார். டைப்ரைட்டிங் முடித்துவிட்டுச் சும்மா இருந்த என்னைத் தம் ஊர் அலுவலகத்தில் வேலைக்கு வைத்தார். டெல்லியில் இருந்துகொண்டு எத்தனை சாவுக்குத்தான் வர முடியும்? அதற்கும் ஒரு வழி கண்டுபிடித்தார். தம் பெயர் அச்சிட்ட வெறும் தாள்களில் கீழே கையெழுத்து மட்டும் போட்டு, கட்டாகக் கொடுத்துவிட்டு ரயில் ஏறுவார். ஊர் ஊராகக் கட்சிக்காரர்கள் இறந்தவர்கள் பட்டியலை அனுப்புவார்கள். மேலே இரங்கலை அடித்துத் தபாலில் சேர்ப்பது என் வேலை. 'என் குடும்பத்தில் ஒருவரை இழந்ததுபோல் துடிக்கிறேன்' என்ற வரி நான் எழுதியது. அதில் எனக்குப் பெருமை வேறு. வேங்கிக்காலிலிருந்து ஓர் அம்மாள் அந்தக் கடிதத்துக்குக் கண்ணாடிச் சட்டம் போட்டு எடுத்துவந்து, "ஐயா கைப்பட எழுதினதும்மா" என்று என்னிடமே காட்டினார். நான் தலையாட்டினேன்.

அப்பா படுக்கையில் விழுந்தபோது ஒன்றே ஒன்றுதான் கேட்டார். "அவன் தோள் குடுக்காம என்னைத் தூக்கிடாதீங்க." அப்பா இறந்த அன்று காலையில் டெல்லிக்கு டிரங்க் கால் போட்டேன். எடுத்த உதவியாளர், "ஐயா சபையில இருக்காரும்மா, சொல்லிடறேன்" என்றார். எப்படியும் ஒரு பதில் வரும் என்று காத்திருந்தோம். பொழுது சாயப்போகிறது என்று பங்காளிகள் அவசரப்பட்டார்கள். பாடையின் முன்கழியில் தலைவருக்கென்று விட்டிருந்த பக்கத்தை, இழுப்பு நோய்க்காரனான என் தம்பி இருமி இருமிச் சுமந்துகொண்டு போனான்.

எட்டாம் நாள் தபால்காரர் ஒரு உறையைக் கொடுத்தார். என் இடத்தில் தற்காலிகமாக உட்கார்ந்திருந்த பையன் பட்டியலைப் பார்த்து ஒழுங்காக வேலை செய்திருக்கிறான். என்னுடைய வரி. என்னுடைய அலுவலக இயந்திரத்தின் எழுத்து. கீழே தலைவரின் கையெழுத்து, அப்பா சாவதற்கு எத்தனையோ நாள் முன்பே போட்டது. வாசலிலேயே உட்கார்ந்துவிட்டேன். இதே தாளை எத்தனை வீட்டு வாசலுக்கு நான் அனுப்பியிருக்கிறேன்!

ஆனாலும் சபை நடக்கிறது, என்ன செய்வார் மனிதர், நேரில் வந்தால் அழுவார் என்று என்னையே தேற்றிக்கொண்டு வேலைக்குத் திரும்பினேன்.

மறுமாதம் தலைவர் ஊருக்கு வந்தார். அலுவலகம் நிறையக் கூட்டம். ஆளாளுக்கு மனு நீட்ட, வாங்கிக்கொண்டே என் மேஜைப் பக்கம் வந்தவர் என்னைப் பார்த்து வாய் நிறையச் சிரித்தார்.

"என்னம்மா, அப்பா எப்டி இருக்காரு? பார்த்து ரொம்ப நாளாச்சு. நான் கேட்டேன்னு சொல்லு."

அந்தச் சிரிப்பில் துளிகூடப் பொய்யில்லை. அவருக்கு யாருமே சொல்லவில்லை. பின்னால் நின்றவர்கள் தள்ளினார்கள். அவர் என் பதிலுக்காக நின்றுகொண்டிருந்தார்.

"சொல்றேங்க" என்றேன்.