பெட்டி இல்லாமல் விருதுநகர் போன தக்காளி

தீபாவளிக்கு நான்கு நாள் இருக்கும்போது மல்லாங்கிணற்றிலிருந்து விருதுநகருக்கு மூன்று பெட்டி தக்காளி கொண்டுபோனேன். பஸ்ஸில் அரைமணி நேரப் பாதை. இதற்கு ஒரு கட்டுரையா என்பவர்கள் ஒரு தடவை தக்காளியோடு போய்ப் பார்க்கட்டும்.

வழக்கமாக என் கொழுந்தன் மகன் வண்டியில் ஏற்றிப் போவான். சீசன் வந்தால் அந்த வண்டி சிவகாசி லோடுக்குப் போய்விடும். சாக்கில் கட்டினால் பழம் நசுங்கும். அதனால் எங்கள் பக்கம் எல்லாரும் செய்வதுபோல, பட்டாசுக் கம்பெனியில் கழித்துப்போட்ட அட்டைப்பெட்டியில், அச்சாபீஸ் கழிவுத்தாளைக் கசக்கி அடியில் வைத்து அடுக்கினேன். நான் அடுக்கியதில் ஒரு பழம் நசுங்கியதில்லை. எல்லாம் நன்றாகப் பழுத்தவை. அன்றைக்கு விருதுநகர் ஏலக்கடையில் ஏலம் போகாவிட்டால் மறுநாள் குப்பையில்தான் கொட்ட வேண்டும். ஏலமோ எட்டு மணிக்கு முடிந்துவிடும்.

ஆறரை பஸ்ஸின் கண்டக்டர் பெட்டியைப் பார்த்ததுமே விசில் கொடுத்துவிட்டார். ஏழேகால் பஸ்காரர் இறங்கியாவது வந்தார். பட்டாசு ஏற்றக்கூடாது என்றார். பெட்டிகளைப் பிரித்துக் காட்டினேன். ஒரு பழத்தை அமுக்கியும் பார்த்தார்.

“நான் நம்புறேன் ஆத்தா. நடுவுல செக்கிங் ஏறுனா அவுக பெட்டியில எழுதியிருக்கதத்தான பாப்பாக? நீங்க ஏறுங்க, தக்காளியும் ஏறட்டும். பெட்டி ஏறக்கூடாது.”

“தக்காளிக்குக் கால் இருந்தா அது எதுக்குய்யா ஒங்க பஸ்ஸுக்குக் காத்துக் கெடக்குது?”

பஸ் முழுக்கத் தீபாவளித் துணி எடுக்கப் போகிற கூட்டம். எல்லார் கையிலும் வெறும் பை. ஜன்னலோரம் இருந்த ஒருத்தி, “இதுல போடுங்க பெரியாத்தா, எங்களுக்கு நேரமாகுது” என்று தன் பையை நீட்டினாள். அவளைப் பார்த்து மற்றவர்களும் நீட்டினார்கள். அடுக்கிவைத்த பழத்தை ஜல்லி அள்ளுவதுபோல அள்ளிப் போட்டார்கள். பார்க்கச் சகிக்கவில்லை. டிக்கெட் ஐந்து ரூபாய். லக்கேஜ் போடவில்லை என்பதைக் கண்டக்டர் பெரிய உபகாரமாகச் சொன்னார்.

கை காட்டிய இடமெல்லாம் நின்று, விருதுநகர் சேரும்போது எட்டு தாண்டிவிட்டது. இறங்கியதும் எல்லாருக்கும் பை வேண்டும். ஜவுளிக்கடையில் கூட்டம் சேருமுன் போக வேண்டுமாம். துண்டை விரித்தேன். பஸ் ஸ்டாண்டு ஓரத்தில் கொட்டிவிட்டு ஓடினார்கள். முதலில் பை நீட்டியவள் மட்டும் நின்றாள்.

“இம்புட்டையும் என்ன செய்யப் போறீக?”

“விக்கத்தான்.”

“எங்கன வச்சு?”

“இங்கன வச்சுத்தான்.”

வீம்புக்குச் சொல்லிவிட்டேன். சொன்ன பிறகு உட்காராமல் முடியுமா? ஏலக்கடையில் என் பழத்தைத் தூக்கிக் காட்டித்தான் மற்றவர் பழத்துக்கு விலை பேசுவார்கள். தெருவில் கூறு வைத்து நான் விற்றதே இல்லை. கூறு ஐந்து ரூபாய் என்று முதல் தடவை சொல்லும்போது என் குரல் எனக்கே கேட்கவில்லை. மதியத்துக்குள் அடிபட்டதைத் தவிர எல்லாம் போய்விட்டது. ஏல விலையைவிடக் கொஞ்சம் கூடத்தான். அதற்காக அந்தக் கண்டக்டருக்கு நான் கும்பிடு போட முடியாது.

சாயங்காலம் தோட்டத்து வழியாகத்தான் வீட்டுக்கு வந்தேன். காலையில் பச்சையாக விட்டுப் போன காய்கள் மஞ்சள் கட்டத் தொடங்கியிருந்தன. பார்க்காதவள் மாதிரி முகத்தைத் திருப்பிக்கொண்டு நடந்தேன்.