பச்சைக் கம்பளி

மலைநாட்டுத் தேயிலைத் தோட்டத்தில் கிளாக்கராக இருந்து ஊர் திரும்பிய மனிதர் அவர். பங்குனி வெயிலிலும் பச்சைக் கம்பளிச் சட்டையோடு எங்கள் பிள்ளையார் கோயில் வீதி மரத்தடியில் இருந்து, கம்பளி நூலில் காலுக்குப் போடும் கால்மேசு பின்னுவார். சட்டையும் அவர் பின்னியதுதான்.

"அண்ணை, உள்ளுக்கை அவியேல்லையோ?" என்றேன்.

"செம்மறியாட்டிட்டை உந்தக் கேள்வியைக் கேட்டனீரோ?"

கோயிலுக்குள் ஆண்கள் சட்டையோடு போகக் கூடாது. அவர் கழற்றமாட்டார், வாசலில் நின்றே கும்பிடுவார். எனக்கு மனம் பொறுக்கவில்லை; சட்டையைக் கழற்றிப்போட்டு உள்ளே வரச் சொன்னேன்.

"கம்பளிக்குத் தீட்டில்லை. ஐயரைக் கேட்டுப் பாரும்" என்றார்.

கேட்டேன்.

"ஓம், தீட்டில்லை. எண்டாலும் சட்டை சட்டைதானே" என்றார் ஐயர்.

அவரிடம் போய்ச் சொன்னேன். மறுநாள் அந்தச் சட்டையை இழை இழையாகப் பிரித்துக்கொண்டிருந்தார்.

தேர்த் திருவிழாவன்று வெறும் மேலோடு உள்ளே வந்தார். எங்களைப் போல இடுப்பில் சால்வை கட்டியிருந்தார். அதே பச்சைக் கம்பளியில் பின்னிய சால்வை. ஐயர் அதைப் பார்த்தார். பிறகு திருநீறு கொடுத்தார்.

தீபம் காட்டியபோது எங்களுக்கெல்லாம் வேர்த்து ஓடியது. அவருடைய மேல் முழுதும் புல்லரித்து நின்றது. பக்தியோ குளிரோ, பிள்ளையாருக்குத்தான் தெரியும்.