சுவரை உடைத்து வந்த அப்பா

ஈஜிபுராவில் பக்கத்து வீட்டுக்கு போர்வெல் போடுகிறார்கள். ஈரமான பாறைத்தூளின் வாசனை ஜன்னல் வழியே வந்ததும், முன்பு நாங்கள் இருந்த ஆஸ்டின் டவுனில், மெட்ரோ ஸ்டேஷன் எழுவதற்கு முன் வாய் பிளந்து கிடந்த பள்ளம் நினைவுக்கு வருகிறது. மெட்ரோவுக்குச் சுரங்கம் குடையும் மிஷினில் வேலை செய்த அப்பா, தினமும் அந்த வாசனையோடும் காதோரம் காய்ந்த சேற்றோடும்தான் வீட்டுக்கு வருவார். மிஷின் பாறையில் சிக்கி மாதக்கணக்கில் நின்றபோது, "உங்கப்பா மிஷின் மண்ணுக்குள்ளயே செத்துப்போச்சு" என்று தெருப் பிள்ளைகள் என்னைக் கேலி செய்தார்கள்.

மறுபடி ஓடத் தொடங்கிய மிஷின் பள்ளத்தை எட்டும் நாள் வந்தது. அன்று காலை, தகர வேலிக்கு மேலே அம்மா என்னைத் தூக்கிப் பிடித்திருந்தாள். பள்ளத்தின் எதிர்ச்சுவர் நடுங்கி, தூசியாகப் பொழிந்து, வட்டமாக உடைந்து விழுந்தது. மிஷின் தலைகாட்டிய அந்தத் துளையிலிருந்து முதலில் இறங்கி வந்தவர் அப்பா.

"பாருடி, வந்துட்டாரு உங்கப்பா!" என்று அம்மா கத்தினாள். கன்னடத்திலும் தமிழிலும் கூச்சல் எழுந்தது. அன்று எங்கள் தெரு முழுவதும், சேறு படிந்த அப்பாவின் தோள்மேல் உட்கார்ந்தே போனேன்.