மச்சாள் சொல்லாமல் விட்டது

தொண்ணூறுகளின் நடுப்பகுதி. கலியாணம் கட்டி, கனடாவில் ஸ்காபரோவுக்கு வந்து சில வருடங்கள் ஆகியிருந்தன. மாதவிலக்கு வந்தால், வேலை செய்த பிஸ்கற் பக்டரியில் நிற்க முடியாமல் பெட்டிகளுக்கு நடுவே சுருண்டு விடுவேன். பிள்ளையும் இல்லை. ஸ்கான் எடுத்தபோது இரண்டு சூலகங்களிலும் பழைய இரத்தம் தேங்கிய கட்டிகள் இருந்தன. வலதில் பெரிது, இடதில் சின்னது.

எனக்கு ஆங்கிலம் 'யெஸ்', 'தாங்க்யூ' அளவில்தான். எங்கள் ஆட்களுக்குள் யாருக்குக் கொஞ்சம் ஆங்கிலம் வருகிறதோ, அவர்தான் அந்தக் கட்டடம் முழுவதுக்கும் வக்கீல், கிளார்க் எல்லாம். என் மச்சாள், கணவரின் அக்கா, அப்படி ஒருவர். நல்ல மனுசி. எனக்குக் காய்ச்சல் என்றால் வேலை உடுப்போடேயே கஞ்சி கொண்டு வருவார். டொக்டரிடமும் அவர்தான் கூட வந்தார். பெண்கள் விசயம் என்று கணவர் காரிலேயே இருந்துவிட்டார்.

டொக்டர் அம்மா படம் வரைந்து, பொறுமையாக விளக்கினார். இடையிடையே என் முகத்தைப் பார்த்து ஏதோ கேட்டார். மச்சாளே பதில் சொன்னார். கடைசியில் என் பக்கம் திரும்பினார்.

"கட்டியை எடுக்கினமாம். வயித்து நோ நிண்டிடுமாம். நீர் ஒண்டுக்கும் யோசியாதையும்."

அவ்வளவு பேச்சுக்கு இவ்வளவுதானா என்று தோன்றியது. கேட்கவில்லை. புருசனின் அக்காவை நம்பவில்லை என்று ஆகிவிடுமே! அவர் காட்டிய இடத்தில் கையெழுத்து வைத்தேன்.

ஒப்பரேசன் முடிந்து மறுபடி டொக்டரைப் பார்க்கப் போன அன்று மச்சாளுக்கு லீவு கிடைக்கவில்லை. மொழிபெயர்க்க ஆஸ்பத்திரியே ஒரு தமிழ்ப் பெண்ணை ஒழுங்கு செய்திருந்தது. இனி எப்போது பிள்ளைக்கு முயற்சிக்கலாம் என்றுதான் நான் முதலில் கேட்டேன். டொக்டர் சொன்னதை அந்தப் பெண் தமிழில் சொன்னாள்.

"அக்கா, வலது சூலகத்தை முழுசா எடுத்தாச்சாம். இடதில கட்டியின்ரை தோலை உரிக்கேக்கை முட்டையளும் கொஞ்சம் போயிருக்குமாம். பிள்ளை தங்கிற வாய்ப்புக் குறைவாம். உதெல்லாம் முதலே விளங்கப்படுத்தினது எண்டு சொல்லுறா."

வலதிலும் கட்டியை மட்டும் உரித்திருக்கலாமாம். அது திரும்ப வரக்கூடும், ஆனால் சூலகம் மிஞ்சும். எது வேண்டும் என்று டொக்டர் கேட்டாராம். பிள்ளையைவிட வலி போவதுதான் முக்கியம், எடுத்து விடுங்கள் என்று நான் சொன்னேனாம். டொக்டரின் பரிசோதனைக் கட்டிலில் கையை ஊன்றிக்கொண்டு அழுதேன்.

அன்று பின்னேரமே மச்சாள் வீட்டுக்குப் போய்ச் சத்தம் போட்டேன்.

"நீர் துடிக்கிறதை என்னாலை பாக்கேலாமல் கிடந்தது. சொல்லியிருந்தால் பிள்ளை பிள்ளையெண்டு எடுக்கவே விட்டிருக்கமாட்டீர்," என்று அவரும் அழுதார்.

விட்டிருக்கமாட்டேன்தான். அதைச் சொல்ல வேண்டியவள் நான் அல்லவா? கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம் செய்து என்ன பயன்?

பிள்ளை வரவில்லை. வலியாவது போனதா என்றால், கொஞ்சக் காலத்தில் அதுவும் திரும்பி வந்தது. கோயிலில் யாராவது "இன்னும் விசேசம் ஒண்டும் இல்லையோ?" என்று கேட்டால், அப்போதும் நான் வாய் திறக்க முதல் மச்சாள்தான் பதில் சொல்வார்.

அவருக்கு என்னில் அன்பில்லை என்று ஒருநாளும் சொல்லமாட்டேன். ஆனால் அந்த அன்பு, என்னிடம் ஒரு வார்த்தை கேட்காமல் எனக்குப் பிள்ளை வேண்டுமா வேண்டாமா என்று தானே முடிவு செய்ததை நினைத்தால் இன்றும் வயிறு எரிகிறது.