மாடி ரூமும் தூங்குற மூஞ்சியும்

எங்க வீட்டு மாடி ரூமுக்குள்ள யாரும் நேரா நடந்து வந்ததில்ல, ஒருக்களிச்சுத்தான் வரணும். கதவத் தொறந்ததும் வயலின் பெட்டி, அதுமேல தையல் மிஷின் மூடி, அதுக்கும் மேல ஆரி ஒர்க் போடுற மரச்சட்டம். சட்டத்துல ஒரு ஜாக்கெட் கை இன்னும் இழுத்துக் கட்டியே இருக்கு. அதுல மயில் தோகை விரிச்சு நிக்கிது. இன்னொரு கை எங்கன்னு கேக்காதீங்க, அத நான் ஆரம்பிக்கவே இல்ல. ஒத்தக் கையில மட்டும் மயில் ஆடுற ஜாக்கெட்ட எந்தக் கல்யாணத்துக்குப் போட்டுட்டுப் போறது?

நான் திண்டுக்கல்ல கணக்கு டீச்சர். பகல் பூரா பிள்ளைகள்ட்ட, "கணக்க முழுசா போடு, பாதியில விட்டா மார்க் கெடையாது"ன்னு தொண்ட வத்தக் கத்துறேன். சாயங்காலம் வீட்டுக்கு வந்து, மாடியேறி, எதையாச்சும் பாதியில விடுறேன்.

வயலின்ல ஆரம்பிச்சது இது. எனக்கு சரளி வரிசை வர்றதுக்கு முன்னாடி பக்கத்து வீட்டுக்காரங்க வந்துட்டாங்க. ரொம்ப மரியாதையாத்தான் கேட்டாங்க, யாருக்காச்சும் ஒடம்பு சரியில்லையான்னு. அதுக்கப்புறம் தஞ்சாவூர் ஓவியம். மாதா படம் ஒண்ணு எடுத்தேன். கிரீடத்துக்குக் கல்லு பதிச்சு, தங்கத்தாளு ஒட்டி, சேலைக்கு ஜரிகை வரைக்கும் வந்துட்டேன். மூஞ்சி மட்டும் வரல. எம்புட்டு தடவ வரைஞ்சாலும் மாதா என்னையக் கண்டிக்கிற ஹெட்மிஸ்ட்ரஸ் மாதிரியே பாத்தா. அழிச்சுட்டேன். இன்னைக்கும் அந்தப் படத்துல கிரீடம் இருக்கு, மூஞ்சி இல்ல.

பறவ போட்டோ எடுக்குறேன்னு ஒரு லீவு நாள்ல சிறுமலைக்குப் போனேன். கேமராவக் கண்ணுல ஒட்ட வச்சுக்கிட்டு நின்னதுல பஸ்ஸு போனது தெரியல. அடுத்த பஸ் எப்ப அண்ணேன்னு டீக்கடையில கேட்டா, அந்த மனுசன் வானத்தப் பாத்தாரு. கடைசியில வாழத்தாரு ஏத்துன ஜீப்புல, தாரோட தாரா உக்காந்து கீழ எறங்குனேன். படத்தப் போட்டுப் பாத்தா எல்லாமே பறவ இப்பத்தான் பறந்து போன கெளை. ஒரு கிறிஸ்மஸுக்குத் திராட்ச ஒயின் போட்டேன். ஜாடிய இறுக்கி மூடக் கூடாதுன்னு யாரும் சொல்லல, இல்ல சொன்னப்ப நான் கேக்கல. அது வெடிச்ச கறை ரூம் மேல் சொவத்துல இன்னும் இருக்கு. இந்த ரூம்ல முழுசா முடிஞ்ச வேல அது ஒண்ணுதான்னு எங்க வீட்டுக்காரர் வர்றவங்க போறவங்கள்ட்டல்லாம் சொல்லுவாரு.

அவரப் பத்திச் சொல்லணும். பம்புசெட்டுக் கடை வச்சிருக்காரு. குஜிலியம்பாறைப் பக்கமெல்லாம் போர்த்தண்ணி கீழ போகப் போக, இவரு கடையில மோட்டாரும் பைப்பும் சேந்துக்கிட்டே போகுது. வைக்க எடமில்ல. அவரு கண்ணு என் ரூம் மேல விழுந்து ரொம்ப நாளாச்சு. நல்ல மனுசன்தான், ஆனா வீட்டுல உக்காந்தா தூங்கிருவாரு. ஞாயித்துக்கெழம பூசை முடிஞ்சு, கறிக்கொழம்பும் ரெண்டு வெஞ்சனமும் உள்ள போச்சுன்னா, டிவி முன்னாடி நாற்காலியிலயே கண்ண மூடிருவாரு. வாய் செத்தத் தொறந்திருக்கும். மீச மட்டும் மூச்சுக்கு மூச்சு ஏறி எறங்கும்.

பென்சில் டிராயிங் கத்துக்கிட்ட காலத்துல இதுதான் எனக்கு வசதியாப் போச்சு. ஆடாம அசையாம உக்கார இந்த வீட்டுல வேற யாரு இருக்கா? வாரா வாரம் அவரத் தூங்கத் தூங்க வரைஞ்சேன். பக்கவாட்டுல, நேருக்கு நேரா, தல சரிஞ்சு நாடி நெஞ்சுல முட்டுறப்ப, எல்லாம். அவருக்கு இது தெரியாது. அப்புறம் அதையும் விட்டுட்டேன், வழக்கம்போல.

போன வருசம் மழைக்காலத்துல ஒருநா, கடையில தண்ணி ஒழுகிப் புது மோட்டார் ரெண்டு நனைஞ்சுருச்சு. அன்னைக்கு அவரு மாடியேறி வந்தாரு. ஒருக்களிச்சு உள்ள நொழஞ்சு, வயலின் பெட்டியில கால இடிச்சுக்கிட்டு நின்னாரு.

"ஏம்மா டீச்சரு, இதுல ஒண்ணாச்சும் முடிச்சிருக்கியா? ஒண்ணக் காட்டு, நான் வாயத் தொறக்கல."

நான் சுத்திமுத்தும் பாத்தேன். காட்ட ஒண்ணுமில்ல.

"கிறிஸ்மஸ் வரைக்கும் டயம். ஒரே ஒரு வேலைய முழுசா முடிச்சுக் காட்டு. இல்லேன்னா ரூமக் காலி பண்ணு, நான் பைப்ப ஏத்துறேன்."

சரின்னு சொல்லிட்டேன். சொல்லிட்டுக் கீழ எறங்கி வந்து அடுப்படியில நின்னு அழுதேன். அந்த வீட்டுல எல்லா எடத்துலயும் என்னைய யாராச்சும் எதுக்காச்சும் கூப்புடுவாங்க. அந்த ரூம்ல மட்டுந்தான் நான் யாருக்கும் டீச்சர் இல்ல, யாருக்கும் சோறு போடுறவ இல்ல. அங்க நான் தப்புத் தப்பா எதையாச்சும் செஞ்சுக்கிட்டு சந்தோசமா இருந்தேன். அது போயிட்டா நான் எங்க போறது?

அந்த மாசம் எங்க அன்பியக் கூட்டம் நடந்துச்சு. அன்பியம்னா எங்க தெருவுல இருக்குற கத்தோலிக்க வீடுங்க சேந்த கூட்டம். மாசத்துக்கு ஒருக்கா யாரு வீட்டுலயாச்சும் ஜெபம், அப்புறம் டீ, அப்புறம் வம்பு. கிறிஸ்மஸுக்குக் கோயில்ல, இயேசு பொறந்த மாட்டுக்கொட்டகை மாதிரி குடில் போடுறது மொற வச்சு வரும், இந்தத் தடவ எங்க மொற. அதுல வைக்கிற பழைய சுரூபமெல்லாம் கையொடிஞ்சு காலொடிஞ்சு கெடக்கு, புதுசா வாங்கணும்னு பேச்சு வந்துச்சு. என் வாயி சும்மா இருக்குமா? "நான் மண்ணுல செஞ்சு தர்றேன்"னு சொல்லிட்டேன். எல்லாரும் டீ கிளாஸக் கீழ வச்சுட்டு என்னையப் பாத்தாங்க. அன்பியத் தலைவி மட்டும், "டீச்சரக்கா, முடிச்சுருவீங்களா?"ன்னு கேட்டா. ஊருக்கே தெரிஞ்சிருக்கு.

சித்தையன்கோட்டைப் பக்கத்துக் கம்மாய் மண்ணு நல்லாருக்கும்னாங்க. அங்க மோட்டார் மாட்டப் போன எங்க வீட்டுக்காரரே ரெண்டு மூட்ட வண்டியில கட்டிக் கொண்டாந்து போட்டாரு. தோக்கப் போறவளுக்கு உதவி பண்றதுல என்ன நட்டம்னு நெனச்சிருப்பாரு.

ஸ்கூல் விட்டு வந்தா மண்ணு, சோறாக்கிட்டு மண்ணு. ஒடம்பு சுலபமா வந்துச்சு. மூஞ்சிக்கு வந்தப்பத்தான் மண்ண வச்சுட்டு எந்திரிச்சிட்டேன். மாதா படம் ஞாபகம் வந்துச்சு. சரி, யோசிக்காமச் செய்வோம்னு வெரல அது போக்குல விட்டேன். ஆச்சரியமா இருந்துச்சு, மூஞ்சி கடகடன்னு வந்துச்சு. மாதாவோட வீட்டுக்காரர் சூசையப்பர், இடையருங்க, தூரத்துல ஒட்டகத்துல வர்ற மூணு ராசாக்க, மாதா, ஒரு மாடு. மொட்ட மாடியில வரட்டியும் தேங்கா மட்டையும் அடுக்கிச் சுட்டேன். ஒரு ராசா வெடிச்சாரு, திரும்பச் செஞ்சேன். வர்ணமும் அடிச்சாச்சு. வாழ்க்கையில மொத தடவ ஒண்ண முடிச்சிட்டேன்னு எனக்குத் தல கால் புரியல.

கிறிஸ்மஸுக்கு முந்துன ஞாயித்துக்கெழம கோயில்ல குடிலத் தொறந்தாங்க. குழந்தை இயேசுவ மட்டும் அப்ப வைக்க மாட்டாங்க, நடுராத்திரிப் பூசையிலதான் வைப்பாங்க. தொட்டி வெறும் வைக்கோலோட இருக்கும். சனம் முன்னாடி வந்து நின்னுச்சு. கழுத்த நீட்டி நீட்டிப் பாத்துச்சு. அப்புறம் அன்பியத் தலைவி என் காதுகிட்ட வந்தா.

"அக்கா, தப்பா நெனைக்காதீங்க. எல்லாரும் அண்ணன் மாதிரியே இருக்காங்க."

அப்பத்தான் எனக்கே தெரிஞ்சுச்சு. சூசையப்பர் எங்க வீட்டுக்காரர். இடையருங்க எங்க வீட்டுக்காரர். கிழக்கேருந்து வர்ற மூணு ராசாக்களும் எங்க வீட்டுக்காரர், மீசையோட, வாய் செத்தத் தொறந்து. மாதாவுக்கு மீச இல்ல, அம்புட்டுத்தான் வித்தியாசம். எல்லாத்துக்கும் மேல, ஒருத்தர் கண்ணும் தொறக்கல. குடில்ல மாடு உட்பட எல்லாரும் அசந்து தூங்குறாங்க. என் வெரலுக்குத் தெரிஞ்ச மூஞ்சி இந்த ஒலகத்துல ஒண்ணே ஒண்ணுதான்போல.

பங்குச்சாமியார் ரொம்ப நேரம் பாத்தாரு. "டீச்சர், சூசையப்பர் தூங்குறதுல தப்பே இல்ல, அவருக்கு வானதூதர் கனவுலதான் வந்தாரு. ஆனா ராசாக்களும் தூங்குனா நட்சத்திரத்த யாரு பாத்துக்கிட்டு வர்றது?"

சனம் சிரிச்ச சிரிப்புல கோயில் அதிர்ந்துச்சு. எனக்கு எங்கயாச்சும் ஓடிப் போயிரலாமான்னு இருந்துச்சு. அன்னைக்குச் சரக்கு எறங்குதுன்னு எங்க வீட்டுக்காரர் பூசைக்கு வராம கடையிலயே இருந்தாரு. நான் கோயில விட்டு எறங்குறதுக்குள்ள கடைக்கே சேதி போயிருச்சு. மோட்டார் வாங்க வந்தவன், "முதலாளி, உங்களுக்குக் கோயில்லயே சுரூபம் வச்சுட்டாங்களாமே"ன்னு கேட்டிருக்கான். கடைய அடைச்சுட்டு நேரா கோயிலுக்கு வந்தாரு. நான் தூணு ஓரமா நின்னேன். ரூமு போச்சு, மானமும் போச்சு, இனி இந்த மனுசன் என்ன சொல்லப் போறாரோ.

அவரு ஒவ்வொரு சுரூபமா குனிஞ்சு பாத்தாரு. மாட்டுக்கிட்ட வந்து நின்னாரு.

"மாடு கூடவா?"

"அது தானா வந்துருச்சுங்க."

தொட்டியப் பாத்தாரு. "குழந்தை எங்க?"

"ராத்திரிப் பூசையிலதான வைப்பாங்க."

"அது தெரியும். செஞ்சிட்டியா?"

நான் குனிஞ்சு தொட்டி வைக்கோலச் சரி பண்ணுனேன். வைக்க நாளிருக்கேன்னு அதைய மட்டும் கடைசிக்குத் தள்ளிப் போட்டிருந்தேன். என் புத்தி எங்க போகும்?

"அப்ப முடிக்கல"ன்னு சொல்லிட்டு வண்டிய எடுத்துக்கிட்டுப் போயிட்டாரு.

மறுநா ஸ்கூல் லீவு. மத்தியானம் சாப்ட்டு முடிச்சதும், அவரு டிவி பக்கம் போகாம மாடிப்படி ஏறுற சத்தம் கேட்டுச்சு. பைப்புக்கு அளவெடுக்கப் போறாருன்னு எனக்குத் தெரிஞ்சுபோச்சு. பாத்திரத்த அப்படியே போட்டேன். சண்ட போடணும்னுதான் ஏறுனேன்.

ரூம்ல வயலின் பெட்டி ஒரு ஓரமா நகந்திருந்துச்சு. தையல் மிஷின் பக்கத்துல எடம் பண்ணி, கீழருந்து தூக்கிட்டு வந்த நாற்காலியப் போட்டு, அவரு சாஞ்சு உக்காந்திருந்தாரு. கண்ண மூடியிருந்தாரு. காலுக்குக் கீழ மிச்ச மண்ணு மூட்ட, வாயவிழ்த்து வச்சிருந்துச்சு.

"என்ன பண்றீங்க?"

"தூங்குறேன். நீ செய்யி." கண்ணத் தொறக்கவே இல்ல. "குழந்தைக்காச்சும் மீச வச்சுத் தொலைச்சுராத."